ஒலி நுழையும் வாசல்
(பழைய கித்தார் ஆம்ப்ளிஃபயரின் ஜாக்கைச் செப்பனிடும் முறை)

— இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன், முகையூர்

ஒரு வீட்டில் முதலில் தேய்வது வாசற்படி. தூணும் உத்தரமும் நூறாண்டு நிற்கும். படி மட்டும் பத்தாண்டில் குழிந்துவிடும். வீட்டுக்கு வருவோர் எல்லாரும் மிதிப்பது அதைத்தானே! இசைக்கருவிகளிலும் அப்படித்தான். கித்தாரின் ஒலி ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையும் வாசல் ஒன்று உண்டு. அதற்கு ‘ஜாக்’ என்று பெயர். ஆம்ப்ளிஃபயரில் முதலில் தேய்வது அதுதான். ஆனால் அது தேய்ந்ததும் வீடே இடிந்துவிட்டதாக எண்ணி, முழுப் பெட்டியையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறவர்கள் நம்மில் பலர். இந்தத் தவறான எண்ணத்தைப் போக்குவதும், செப்பனிடும் முறையை விளக்குவதும், இதில் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் திருக்கோவிலூருக்கு அருகில் உள்ள முகையூர் என் ஊர். இங்கே கித்தார் ஏது என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கித்தார் நம் சிற்றூர்களுக்கு இரண்டு வழிகளில் வந்தது. முதல் வழி தேவாலயம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு கத்தோலிக்க வழிபாடு தாய்மொழிக்கு மாறியது. தமிழ்ப் பாடல்களோடு கித்தாரும் பாடகர் குழுவில் இடம் பிடித்தது. இரண்டாம் வழி மெல்லிசைக் கச்சேரி. 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரையுலகில் இசையமைப்பாளராக அறிமுகமான இளையராஜா தாமே கித்தார் வாசிப்பவர். அவர் பாடல்களைத் திருவிழா மேடையில் பாட விரும்பிய குழுக்களுக்குக் கித்தார் இன்றியமையாததாயிற்று. அக்காலத்தில் வாங்கிய கித்தார்களும் ஆம்ப்ளிஃபயர்களும் இன்றும் நம் பகுதியில் பரண்களில் கிடக்கின்றன. அவற்றில் பல இறந்தவை அல்ல. வாசல் அடைபட்டவை மட்டுமே.

தொலைபேசி தந்த கொடை

ஜாக்கின் வரலாறு சுவையானது. இது இசைக்காகப் பிறந்ததன்று. 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் தொடங்கியது. ஒருவர் பேச விரும்பினால் நிலையத்தில் இருப்பவர் இரண்டு கம்பிகளைக் கையால் இணைக்க வேண்டும். இவ்வேலைக்காகச் சிகாகோ நகரத்துச் சார்லஸ் ஸ்கிரிப்னர் என்ற பொறியாளர் ஓர் இணைப்பானை வடிவமைத்தார். அது மடக்குக் கத்தியைப் போல் இருந்ததால் ‘ஜாக் நைஃப்’ என்று அழைக்கப்பட்டு, பின்னர் ‘ஜாக்’ எனச் சுருங்கியது.

1936இல் கிப்சன் நிறுவனம் மின் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில், எளிதாகக் கிடைத்த உறுதியான இணைப்பான் இந்தத் தொலைபேசி ஜாக்தான். கால் அங்குல விட்டம், அதாவது 6.35 மில்லிமீட்டர். அந்த அளவு இன்றும் மாறவில்லை. நம் நாட்டில் 1984இல் சி-டாட் நிறுவப்பட்டுச் சிற்றூர்களுக்கும் தானியங்கித் தொலைபேசி நிலையங்கள் வரத் தொடங்கின. கையால் கம்பி செருகும் பலகைகள் மறைந்தன. ஆனால் அந்தப் பலகையின் ஜாக், கித்தாரில் குடியேறிப் பிழைத்துக்கொண்டது. நம் ஊர் மைக் செட் கடைகளில் இதற்குச் செருகும் ஆண் பின்னைப் ‘பி-38’ என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

ஜாக்கின் அமைப்பு

ஜாக்கில் உள்ளவை மிகச் சில பாகங்களே. முதலாவது, பெட்டியின் முகப்பில் நட்டு போட்டு இறுக்கப்பட்ட மரையுள்ள குழாய். செருகப்படும் பின்னின் நீண்ட உடற்பகுதி இதைத் தொடும். இதுவே நிலத்தொடர்பு, பேச்சுவழக்கில் எர்த்து. இரண்டாவது, உள்ளே வளைந்து நிற்கும் ஒரு வில்தகடு. இதை ‘நாக்கு’ என்று சொல்லலாம். பின்னின் நுனியில் உள்ள பள்ளத்தில் இந்த நாக்கு வந்து அமரும். கித்தாரின் ஒலிக்குறி இதன் வழியேதான் உள்ளே செல்கிறது. நாக்கு பின்னை அழுத்திப் பிடிப்பதால் மின்தொடர்பும் கிடைக்கிறது, பின் கழன்று விழாமலும் இருக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் ஜாக்குகள் பலவற்றில் மூன்றாவதாக ஒரு தொடுமுனை உண்டு. பின் செருகப்படாதபோது நாக்கு இதன்மேல் படிந்து, உள்வழியை எர்த்தோடு சேர்த்துவிடும். அதனால் வெறும் ஜாக்கிலிருந்து இரைச்சல் வராது. பின் உள்ளே போனதும் நாக்கு மேலெழும்பி, இத்தொடுமுனையை விட்டு விலகும்.

நோயும் அறிகுறியும்

மருத்துவன் முதலில் நோயையும், பிறகு அதன் காரணத்தையும், அதன்பின் தீர்க்கும் வழியையும் ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த ஒழுங்கு. செப்பனிடுபவனுக்கும் அதுவே பொருந்தும்.

நாக்கு தளர்ந்திருந்தால் ஒலி விட்டுவிட்டு வரும். பின்னை அசைத்தால் ‘கரகர’ என்னும். எர்த்துத் தொடர்பு விட்டுப்போயிருந்தால் ஒலி மெலிந்து, ‘உம்ம்’ என்ற பெரிய உறுமல் கேட்கும். அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓசை. காவல் இழந்த கம்பி வானொலி ஏரியலைப் போல அதை வாங்கிக்கொள்கிறது. மூன்றாவது தொடுமுனை விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒலியே வராது. அதே முனை அழுக்கேறித் தொடாமல் நின்றால், கித்தார் செருகாதபோதும் பெட்டி இரையும். நான்கு அறிகுறிகள், நான்கு காரணங்கள். காதால் கேட்டே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் ஜாக்கைக் குற்றம் சாட்டுமுன் கம்பியைச் சோதிக்க வேண்டும். வேறொரு கம்பியை மாற்றிப் பார்ப்பது முதற்சோதனை. பிறகு கித்தாரில் கம்பியைச் செருகி, ஒலியளவுக் குமிழை முழுவதும் திருப்பி, கம்பியின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். சாதாரண காந்தப் பிக்கப் உள்ள மின் கித்தாரில் ஏறத்தாழ 5 முதல் 15 கிலோ ஓம் வரை காட்டும். கம்பியை அசைக்கும்போது முள் துள்ளினால் பழுது கித்தார் பக்கத்து ஜாக்கிலோ கம்பியிலோ இருக்கிறது. முள் அசையாமல் நின்றால், ஆம்ப்ளிஃபயர் பக்கம் நோக்க வேண்டும்.

இரண்டு வாசல் இருந்தால் இன்னும் எளிது. எங்கள் பகுதிப் பாடகர் குழு ஒன்றின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை அப்படித்தான் சோதித்தேன். நகரத்தில் அதைப் பார்த்த செப்பனிடுபவர், “தம்பி, இதுல உள்ள எல்லாம் போயிடுச்சு. எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடச் சொல்லு” என்று சொல்லிவிட்டாராம். புதியது வாங்கக் குழுவிடம் பணம் இல்லை. அந்தப் பெட்டி போனால் சனிக்கிழமைதோறும் கித்தார் பழக வரும் பிள்ளைகளுக்கு வேறு பெட்டி இல்லை. அதில் இரண்டு ஜாக்குகள் இருந்தன. முதலாவதில் செருகினால் கரகரப்பு. இரண்டாவதில் செருகினால் தெளிவான ஒலி. இரண்டு வழிகளும் உள்ளே ஒரே வால்வில்தான் சேர்கின்றன. இரண்டாம் வழி தெளிவாக இருந்தால் அந்த வால்வும், அதற்கு அப்பாலுள்ள மின்மாற்றியும் ஸ்பீக்கரும் நலம் என்றுதானே பொருள்! பழுது சேருமிடத்துக்கு முன்னால், வாசலில்தான் இருக்க வேண்டும். இதைக் கண்டறிய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. நான் வாங்கிப் போட்ட புதிய ஜாக்கின் விலை, அதை வாங்கிவர எனக்கு ஆன பேருந்துக் கட்டணத்தைவிடக் குறைவு. பெட்டி இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.

காரணம்: மிகச் சிறிய மின்னோட்டம்

இவ்வளவு சிறிய தேய்மானம் இவ்வளவு பெரிய தொல்லை தருவது ஏன்? வீட்டுச் சுவிட்சில் இருக்கும் அழுக்கு விளக்கை அணைப்பதில்லையே?

கித்தார் பிக்கப் தருவது ஏறத்தாழ 0.1 வோல்ட் என்று கொள்வோம். வால்வு ஆம்ப்ளிஃபயரின் வாசலில் வழக்கமாக உள்ள மின்தடை 1 மெகா ஓம். ஓமின் விதிப்படி அதில் ஓடும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. 60 வாட் குண்டு விளக்கில் ஓடுவது சுமார் கால் ஆம்பியர். அதாவது இதைப்போல் இருபத்தைந்து இலட்சம் மடங்கு! சுவிட்சைப் போடும்போது உண்டாகும் சிறு பொறி, தொடுமுனையில் படிந்த ஆக்சைடு படலத்தை எரித்துத் துளைத்துவிடுகிறது. கித்தாரின் மின்னோட்டத்துக்கு அந்த வலிமை இல்லை. கண்ணுக்குத் தெரியாத படலமே அதற்குக் கோட்டைச் சுவர். அந்தப் படலத்தைச் சுரண்டித் தள்ளக்கூடியது நாக்கின் அழுத்தம் ஒன்றுதான். ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த தகடு சோர்ந்து அழுத்தம் குறைந்ததும் படலம் வென்றுவிடுகிறது.

வாரம் இரு முறை செருகி எடுத்தாலும் இருபது ஆண்டில் இரண்டாயிரம் முறைக்கு மேல் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் உலோகப் பூச்சு சற்றே தேய்கிறது. இதோடு ஈரமும் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மரக்காணம் உப்பளப் பக்கம் திருவிழாக்களுக்கு அடிக்கடி போய்வரும் பெட்டியின் ஜாக்கையும், உள்நாட்டிலேயே இருக்கும் பெட்டியின் ஜாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

செப்பனிடும் முறை

முதலில் உயிர், பிறகுதான் இசை. கித்தாரில் ஆபத்தான மின்னழுத்தம் எதுவும் இல்லை. அதைத் துணிந்து திறக்கலாம். வால்வு ஆம்ப்ளிஃபயர் அப்படியன்று. உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகள் அதைத் தேக்கி வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளில் இணைத்து, மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் இடையே பத்து விநாடி பிடிக்க வேண்டும். மின்தேக்கி 100 மைக்ரோ ஃபாரட் எனில் காலமாறிலி ஒரு விநாடி. ஐந்து காலமாறிலியில் 400 வோல்ட் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஆய்வுக்கூடத்தில் நாம் வரைந்த அதே வளைகோடுதான் இது. அதன்பிறகும் மீட்டரால் அளந்து பார்த்தே கை வைக்க வேண்டும். இதில் பழக்கமில்லாதவர் பழக்கமுள்ள ஒருவர் அருகில் இல்லாமல் பெட்டியைத் திறக்கவே கூடாது.

முதற்படி, நட்டை இறுக்குதல். பெரும்பாலான தொல்லைகள் தளர்ந்த நட்டில்தான் தொடங்குகின்றன. ஆனால் வெளியிலிருந்து நட்டை மட்டும் திருப்பினால் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று, கம்பி முறுக்கி அறுந்துவிடும். ஒரு கையால் ஜாக்கின் உடலை உள்ளே பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். பல்வாஷர் ஒன்றைச் சேர்த்துப் போட்டால் மறுபடி எளிதில் தளராது.

இரண்டாம் படி, துடைத்தல். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து நாக்கின் முனையையும் குழாயின் உட்புறத்தையும் துடைக்கலாம். அது எளிதில் தீப்பற்றும். நன்றாக உலரும்வரை பெட்டிக்கு மின்சாரம் தரக்கூடாது. உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் உண்டு. அன்றைக்கு ஒலி நன்றாகத்தான் வரும். ஆனால் மேற்பூச்சு போய்விடுவதால் சில மாதத்தில் முன்னிலும் மோசமாகக் கறுக்கும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தூசியைச் சேர்க்குமேயன்றி நீக்கா.

மூன்றாம் படி, நாக்கை வளைத்தல். ஜாக் திறந்த வகையாக இருந்தால், பின்னை எடுத்துவிட்டு, நோஸ் பிளையரால் நாக்கைக் குழாயின் மையம் நோக்கி ஓரிரு மில்லிமீட்டர் மெல்ல வளைக்க வேண்டும். முனையை வளைக்காமல் அடிப்பகுதியை வளைப்பது நல்லது. பின்னைச் செருகும்போது ‘டக்’ என்று நாக்கு பள்ளத்தில் விழுவது விரலுக்குத் தெரிய வேண்டும். மீண்டும் மீண்டும் வளைத்தால் தகடு ஒடிந்துவிடும். ஒரு முறை வளைத்தும் அழுத்தம் நிற்கவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது.

நான்காம் படி, மாற்றுதல். பழையதைக் கழற்றுமுன் எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று படம் வரைந்துகொள்ள வேண்டும். காப்புறையுள்ள கம்பியின் நடு இழை நாக்குக்கும், வெளிப்பின்னல் எர்த்து முனைக்கும் போக வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். முதலில் உலோக முனையைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகிப் பாயும்படி செய்ய வேண்டும். அயர்னில் ஈயத்தை உருக்கி மேலே அப்பினால் ஒட்டியதுபோல் தோன்றும், ஒட்டியிராது. தகரக் கடைகளில் பயன்படும் அமிலத்தை இங்கே பயன்படுத்தவே கூடாது. அது கம்பியை நாளடைவில் அரித்துவிடும். வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும், ஈயம் நஞ்சு.

கடையில் ஜாக் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும் ‘ஒரு ஜாக்’ என்று கேட்டால் பத்து வகையைக் காட்டுவார்கள். தொடுமுனைகளின் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும். பழையதன் எர்த்து பெட்டியின் உலோகத்தோடு சேராமல் பிளாஸ்டிக் உடலால் பிரிக்கப்பட்டிருந்தால் புதியதும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே உலோக ஜாக்கைப் போட்டால் எர்த்து இரண்டு வழிகளில் சுற்றிவந்து, இல்லாத உறுமலைப் புதிதாக உண்டாக்கும்.

உறுமலும் உயிராபத்தும்

இனிச் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையில் முதன்மையானது. உறுமல் கேட்டதும் நம் ஊர்களில் பலர் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு: ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனைப் பிளக்கில் எர்த்துக் கம்பியைக் கழற்றிவிடுவது. சில வகை உறுமல் அதனால் அடங்கும் என்பது உண்மை. அதைப் பார்த்தவர்கள் எல்லா உறுமலுக்கும் அதுவே மருந்து என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஜாக்கின் எர்த்துத் தொடர்பு தளர்ந்ததால் வரும் உறுமல் அதனால் தீராது. நோய் அப்படியே இருக்க, ஆபத்து மட்டும் வந்து சேர்கிறது.

ஏன் என்றால், மின் கித்தார்களில் பெரும்பாலானவற்றின் தந்திகள் ஜாக்கின் எர்த்தோடு இணைக்கப்பட்டவை. ஜாக்கின் எர்த்து ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியோடு இணைந்தது. ஆகவே கித்தார் வாசிப்பவன் பெட்டியையே கையில் பிடித்திருக்கிறான். பழைய பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால், அதை மண்ணுக்கு இழுத்துச் செல்ல வேண்டிய கம்பி இல்லாதபோது, அது வாசிப்பவன் கையில் வந்து காத்திருக்கும். அவன் உதடு மைக்கைத் தொட்டாலோ, ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றாலோ சுற்று முழுமையடையும். 1972 மே 3 அன்று பிரிட்டனின் சுவான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர், எர்த்து சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்தாக்கி இறந்தார். நம் திருவிழாக்களில் பந்தல் போடுவது மண்தரையில். மார்கழிப் பனியில் அந்த மண் ஈரம். அங்கே நிற்கப்போகிறவர்கள் நம் தம்பிகளும் தங்கைகளும்.

ஆகையால் ஜாக்கைச் செப்பனிடும் ஒவ்வொருவரும் அதே வேலையில் பிளக்கையும் திறந்து பார்க்க வேண்டும். பெட்டியின் உலோகத்துக்கும் பிளக்கின் எர்த்து முனைக்கும் இடையே மீட்டர் ஏறத்தாழ சுழி ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பெட்டி எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் மேடைக்குப் போகக்கூடாது. மேடை போடும் இடத்துச் சுவர்ப் புள்ளியில் எர்த்து உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருமுன் காத்தல்

செப்பனிட்ட ஜாக் நெடுநாள் உழைக்கச் சில பழக்கங்கள் போதும். பின்னை எடுக்கும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் பின்னின் தலையைப் பிடித்து நேராக எடுக்க வேண்டும். கம்பியை ஆம்ப்ளிஃபயரின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிறகு செருகினால், யாராவது கம்பியில் கால் இடறினாலும் இழுப்பு ஜாக்கைத் தாக்காது. நேர்ப் பின் நெம்புகோலைப் போல நீட்டிக்கொண்டிருப்பதால் ஜாக்கை நெம்பும். இடம் குறுகிய மேடையில் மடக்குப் பின் நல்லது. விலை மலிந்த பின்களில் அளவு சற்றே மாறுபடுவதுண்டு. இறுக்கமாக இருக்கும் பின்னை வலிந்து செருகக்கூடாது.

முடிவுரை

நாம் வகுப்பில் ஓமின் விதியையும் மின்தேக்கியின் வளைகோட்டையும் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், மறந்துவிடுகிறோம். அவை உயிரோடு வேலை செய்யும் இடங்கள் நம் ஊர்ப் பரண்களிலேயே இருக்கின்றன. நம் இயற்பியல் துறை ஆய்வுக்கூடத்தில் மீட்டரும் சால்டரிங் அயர்னும் வழிகாட்டும் பேராசிரியர்களும் உள்ளனர். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, சுற்று வட்டாரப் பாடகர் குழுக்களும் பள்ளிகளும் தங்கள் பழைய ஒலிக் கருவிகளைக் கொண்டுவந்து காட்ட ஏற்பாடு செய்தால், கருவிகளும் பிழைக்கும். பிளக்கில் எர்த்து இல்லாத பெட்டிகளும் நம் கண்ணில் படும். ஆசிரியப் பெருமக்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். முதல் வேலைக்கு என் திருப்புளியோடு நான் வரக் காத்திருக்கிறேன்.